மாயாற்றங்கரை: வாசகர் கேள்வி பதில்

நீலகிரி மலையின் தண்ணீரை வாங்கிக்கொண்டு முதுமலையைத் தொட்டு, செங்குத்தான பாறைப் பிளவுக்குள் இறங்கி, தெங்குமரஹடா வழியாகப் பவானிசாகர் அணையில் போய்ச் சேர்கிறது மாயாறு. மழை மறைவுப் பகுதி. ஆற்றை விட்டுக் கொஞ்சம் தள்ளினாலே முள்ளும் காய்ந்த புல்லும்தான். கரையில் மட்டும் அண்ணாந்து பார்க்க வைக்கும் மருதும் நாவலும் புங்கனும். இந்தப் பள்ளத்தாக்கின் விலங்குகள், மரஞ்செடிகள் பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இம்முறை பதில்.

மசினகுடி பக்கம் உயரத்தில் வட்டமிடும் பறவையைப் பாறு என்கிறார் ஒருவர், கழுகு என்கிறார் இன்னொருவர். எப்படிக் கண்டுபிடிப்பது?
– வாசகர், கோத்தகிரி

முதலில் வாலைப் பாருங்கள், பிறகு தலை. பாறு என்னும் பிணந்தின்னிக் கழுகுக்கு இறக்கை அகலம், வால் குட்டை, தலையும் கழுத்தும் மயிரின்றிச் சிறுத்துத் தெரியும். வால் நடுவில் பிளந்திருந்தால் அது கரும்பருந்து. இறக்கை விளிம்பை ஒட்டி உள்பக்கம் ஒரு வெள்ளைப் பட்டை ஓடி, மேலிருந்து கூவிக்கொண்டும் இருந்தால் பாம்புக் கழுகு. பாறு பறக்கும்போது கத்துவதில்லை.

மாயாற்றில் நான்கு வகைப் பாறுகள் உண்டு. அதிகம் கண்ணில் படுவது வெண்முதுகுப் பாறு. கீழிருந்து பார்த்தால் இறக்கையின் முன்பாதி வெள்ளை, பின்பாதி கறுப்பு. சாய்ந்து திரும்பும்போது முதுகின் கீழ்ப்பகுதியில் வெள்ளைத் திட்டு பளிச்சிடும். கருங்கழுத்துப் பாறு உடல் வெளிறிய பழுப்பு, கழுத்து கறுப்பு. பாறை விளிம்பில்தான் கூடு வைக்கும். செந்தலைப் பாறு பெரும்பாலும் தனியாகவோ இணையாகவோ வரும், கூட்டத்தோடு சேராது. மஞ்சள்முகப் பாறு நான்கிலும் சிறியது. வால் ஆப்பு வடிவில் இருக்கும்.

விடியற்காலையில் போய் வானத்தைப் பார்த்துக் கழுத்து வலிப்பதுதான் மிச்சம். எடை மிகுந்த பறவை; வெயிலில் சூடான காற்று மேலெழுந்த பிறகே அதைப் பிடித்துக்கொண்டு ஏறும். ஒன்பதரை, பத்து மணிக்குப் பிறகு பாருங்கள்.

எங்கள் மாட்டுக்குக் காய்ச்சல், வீக்கம் என்றால் மருந்துக்கடையில் தரும் வலி ஊசியைப் போட்டுவிடுவோம். அதனால் பாறு சாகிறது என்கிறார்கள். மாடு எங்கே, பாறு எங்கே?
– கால்நடை வளர்ப்பவர், பவானிசாகர் பக்கம்

மாடு செத்தால் பாறுக்குத் தீனி. இரண்டுக்கும் நடுவில் வேறு எதுவும் இல்லை. டைக்ளோஃபெனாக் என்னும் வலி ஊசி போட்ட மாடு சில நாட்களுக்குள் இறந்துபோனால், அதன் ஈரலிலும் சிறுநீரகத்திலும் தசையிலும் மருந்து தங்கியிருக்கும். அதைத் தின்ற பாறுக்குச் சிறுநீரகம் செயலிழக்கிறது. வெளியேற வேண்டிய யூரிக் அமிலம் உடலுக்குள்ளேயே தேங்கி, இதயம், ஈரல் மேலெல்லாம் வெள்ளைச் சுண்ணாம்புப் பூச்சாகப் படிகிறது. இரண்டொரு நாளில் தலை தொங்கி மரத்திலிருந்து விழும்.

‘ஒரு மாட்டால் என்ன ஆகிவிடப் போகிறது’ என்று கேட்பார்கள். ஒரு சடலத்தைப் பல பாறுகள் சேர்ந்து தின்னும் என்பதை மறந்துவிடக் கூடாது. 130 முதல் 760 சடலங்களில் ஒன்றே ஒன்றில் நஞ்சு இருந்தாலும், இந்தியத் துணைக்கண்டத்தில் பாறுகள் அழிந்த வேகத்துக்கு அதுவே போதும் என்று 2004இல் வந்த ஆய்வு கணக்கிட்டது. பெரும்பாலான பாறுகள் ஆண்டுக்கு ஒரு முட்டைதான் இடும். போனதை ஈடுகட்டவே பல வருடம் ஆகும்.

கால்நடைக்கு டைக்ளோஃபெனாக் தருவது 2006இல் தடை செய்யப்பட்டது. ஆனால் மனிதருக்கான பெரிய குப்பி மாட்டுக்குப் போய்க்கொண்டே இருந்ததால், 2015இல் குப்பியின் அளவை 3 மில்லியாகக் குறைத்தார்கள். 2023இல் கீட்டோபுரோஃபென், அசிக்ளோஃபெனாக் இரண்டும், 2024 முடிவில் நிமிசுலைடும் கால்நடைப் பயன்பாட்டிலிருந்து விலக்கப்பட்டன. அசிக்ளோஃபெனாக்கில் ஒரு சூது இருக்கிறது: மாட்டின் உடலுக்குள் போனதும் அதுவே டைக்ளோஃபெனாக்காக மாறிவிடும். ஃப்ளூநிக்சினும் கார்புரோஃபெனும் கூடப் பாறுக்கு ஆகாதவை.

அப்படியானால் எதைப் போடுவது? மெலாக்சிகாம். பாறுகளுக்குக் கெடுதல் செய்யாதது என்று சோதித்துப் பார்த்த மருந்து. டோல்ஃபெனாமிக் அமிலமும் அப்படியே. மாட்டுக்கு மெலாக்சிகாம் அளவு உடல் எடையில் கிலோவுக்கு 0.5 மில்லிகிராம். 300 கிலோ மாட்டுக்கு 150 மில்லிகிராம்; மில்லிக்கு 5 மில்லிகிராம் செறிவுள்ள குப்பியானால் 30 மில்லி. இந்த இடத்தில்தான் பலர் தடுமாறுகிறார்கள். டைக்ளோஃபெனாக் பழக்கத்தில் பத்துப் பதினைந்து மில்லியோடு நிறுத்திவிட்டு, ‘இந்த மருந்து கேட்கவில்லை’ என்று பழைய ஊசிக்கே திரும்பிவிடுகிறார்கள். செறிவு குப்பிக்குக் குப்பி மாறும். அளவைக் கால்நடை மருத்துவர் முடிவு செய்யட்டும். கடையில் வாங்கும்போது பெரிய எழுத்தில் உள்ள வணிகப் பெயரை விட்டுவிட்டு, அடியில் பொடி எழுத்தில் உள்ள மருந்துப் பெயரைப் படியுங்கள். இரண்டு மூன்று மருந்து கலந்த குப்பிகளில் வேண்டாதது ஒளிந்திருக்கும்.

எந்த ஊசி போட்டது என்று தெரியாத மாடு இறந்தால் திறந்த வெளியில் இழுத்துப் போடாமல் ஆழமாகப் புதைத்துவிடுங்கள். இன்னொன்று: சிறுத்தையோ புலியோ மாட்டை அடித்துவிட்டது என்ற கோபத்தில் சடலத்தில் பூச்சிமருந்து தடவுவது. புலி திரும்பி வருகிறதோ இல்லையோ, பாறு நிச்சயம் வரும். கூட்டமாகச் செத்துக் கிடக்கும். அடிபட்ட மாட்டை நகர்த்தாமல், படம் எடுத்து, உடனே வனச்சரக அலுவலகத்தில் சொல்லி, கால்நடை மருத்துவர் சான்று வாங்கினால் இழப்பீடு கேட்கலாம். சடலத்தை இடம் மாற்றிவிட்டால் எந்த விலங்கு அடித்தது என்று காட்டத் தடயம் இருக்காது, மனு நிற்காது.

பாறு நீர்மருது மரத்தில் கூடு கட்டும் என்று படித்து, எங்கள் ஓடைக்கரைத் தோட்டத்தில் மருது வளர்க்க ஆசைப்பட்டேன். விதை போட்டு இரண்டு மாதமாகியும் நாலைந்துதான் முளைத்தது. என்ன தவறு?
– வாசகி, சத்தியமங்கலம்

விதையில்தான் சிக்கலாக இருக்கும். மருதங்காய் ஐந்து இறக்கை உள்ள கட்டைக்காய். உள்ளே விதை சிறிது, ஓடு தடித்தது. மரத்தில் பச்சை மாறாமல் இருக்கும்போது பறித்தால் முளைக்காது. பிப்ரவரி முதல் மே வரை பழுப்பேறித் தானாக உதிர்வதைப் பொறுக்க வேண்டும். அதிலும் முதலில் உதிர்பவற்றில் பாதி வண்டு துளைத்ததாக இருக்கும். ஊசி முனை அளவுக்கு ஓட்டை இருந்தாலும் ஒதுக்கிவிடுங்கள். ஓராண்டுக்கு மேல் வைத்திருந்த விதை வேண்டாம்.

இறக்கைகளை வெட்டிவிட்டு, காய்களைத் தண்ணீரில் மூன்று நான்கு நாள் ஊறவையுங்கள். தினமும் தண்ணீரை மாற்றாவிட்டால் புளித்து நாறிப்போகும். ஊறிய காய்களை ஈரச் சாக்கில் மூடி நிழலில் வைத்து, ஓடு வெடிக்கத் தொடங்கியதும் எடுத்து நட்டால் வெற்றுப் பையாகப் போவது குறையும். மண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, மக்கிய தொழுவுரம் ஒரு பங்கு. பை குறைந்தது 25 செ.மீ. உயரம் இருக்கட்டும், மருது முதலில் ஆணிவேரைத்தான் கீழே இறக்கும், குட்டைப் பையில் வேர் சுருண்டுகொள்ளும். ஒன்றரை செ.மீ. ஆழம் போதும். சில காய்கள் பதினைந்து நாளிலேயே முளைக்கும், சில இரண்டு மாதம் தாண்டியும் வரும். எல்லாம் முறையாகச் செய்தாலும் நூற்றுக்கு ஐம்பது அறுபது முளைத்தால் நல்ல விளைச்சல்தான். எனவே இரண்டு மாதம் ஆனதும் பையைக் கொட்டிவிடாதீர்கள்.

ஓராண்டுக் கன்றை மழைக்காலத் தொடக்கத்தில் ஒன்றரை அடிக் குழியில் நடுங்கள். இடைவெளி 5, 6 மீட்டர். வெள்ளம் அரித்துப்போகும் விளிம்பில் நடாமல், வேருக்கு ஈரம் எட்டும் தூரத்தில் ஓரடி மேடாகப் பாருங்கள். முதல் இரண்டு கோடையும் தண்ணீர் விட வேண்டும், ஆடு எட்டாமல் முள்வேலியும் வேண்டும்.

வாங்கி நடுவதாக இருந்தால் நாற்றுப்பண்ணையில் கருமருதை மருது என்று தந்துவிடுவார்கள். அதன் பட்டை கறுத்து முதலைத் தோல் போல் கட்டம் கட்டமாக வெடித்திருக்கும். நீர்மருதின் பட்டை வெளிறி வழவழப்பாக, ஏடு ஏடாக உரியும். கன்றில் பட்டையை வைத்துச் சொல்ல முடியாது என்பதால் தாய்மரத்தைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள்.

கூடு பற்றி: வெண்முதுகுப் பாறு ஓங்கி வளர்ந்த, உச்சி விரிந்த, பறந்து வந்து இறங்க இடைவெளி உள்ள மரத்தைத்தான் தேர்வு செய்யும். நீங்கள் நடும் கன்று அந்த நிலைக்கு வர ஒரு தலைமுறை ஆகும். ஆகவே கரையில் இருக்கும் பழைய மரம் ஒன்று நூறு கன்றுக்கு மேல். அதன் பட்டையை மருந்துக்கென்று சுற்றிலும் உரித்துவிட்டால் இலையில் தயாராகும் உணவு வேருக்குப் போகாது, மரம் பட்டுப்போகும். சொந்த மரமானாலும் நெடுக்கு வாக்கில் குறுகிய பட்டையாக ஒரு பக்கம் மட்டும் எடுத்து, அது மூடிய பிறகே மறுபக்கம் தொட வேண்டும். காட்டு மரத்தில் கை வைக்கக் கூடாது.

மாயாற்றில் முதலை உண்டா? கரையில் குளிக்கலாமா?
– வாசகர், ஈரோடு

உண்டு. கூடாது.

கொஞ்சம் விளக்கமாக: இங்கே இருப்பது அகன்ற மூக்குள்ள சதுப்புநில முதலை. பவானிசாகர் நீர்ப்பரப்பிலும் உண்டு. வாயைத் திறந்துகொண்டு கரையில் கிடந்தால் பாயத் தயாராகிறது என்று பொருளில்லை, உடற்சூட்டைத் தணித்துக்கொள்கிறது. ஆபத்து கரையில் தெரியும் முதலையால் அல்ல, தெரியாததால். தினமும் ஒரே இடத்தில் தண்ணீர் மொள்வது, மீன் கழித்த குடலை அங்கேயே வீசுவது, அந்தி சாய்ந்து பாத்திரம் கழுவுவது ஆகிய மூன்றும்தான் அதை இழுத்து வரும்.

பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை கரை மணலில் அரை மீட்டர் அளவுக்குக் குழி தோண்டி 25, 30 முட்டைகள் இடும். இரண்டு மாதத்துக்குச் சற்று மேல் ஆனதும் குஞ்சுகள் உள்ளிருந்து குரல் கொடுக்க, தாய் வந்து மணலைத் தோண்டி, அவற்றை வாயில் கவ்வித் தண்ணீரில் விடும். குஞ்சு ஆணா பெண்ணா என்பதை மணலின் சூடு முடிவு செய்கிறது. மணல் மேட்டில் வண்டி ஏற்றக் கூடாது என்று வனத்துறை சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆற்றுப் பாறை மேல் கறுப்பாகப் பிசுபிசுவென்று எச்சம் கிடந்தது. மீன் வாடை. எந்த விலங்கு?
– கல்லூரி மாணவர், மேட்டுப்பாளையம்

நீர்நாய். குச்சியால் கிளறிப் பாருங்கள்: மீன் செதிலும் முள்ளும் மட்டும் என்றால் பெரிய வகையான ஆற்று நீர்நாய். மாயாற்றின் அடிவாரப் பகுதியில் கூட்டமாக வாழ்வது அதுதான். நண்டு ஓட்டின் துணுக்குகள் நிறைந்திருந்தால் மலையோடைகளில் உள்ள சிறிய வகை. ஒரே பாறையில், ஒரே மணல் திட்டில் திரும்பத் திரும்ப எச்சமிடுவது அவற்றின் வழக்கம். பிற கூட்டங்களுக்கு ‘இது எங்கள் இடம்’ என்று அறிவிக்கும் பலகை. கழுவிவிடாதீர்கள். ஈர மணலில் ஐந்து விரல் தடமும் விரலிடைச் சவ்வின் பதிவும் கிடைத்தால் ஐயமே வேண்டாம். எலும்புத் தூள் கலந்து, காய்ந்து சுண்ணாம்பாக வெளுத்த எச்சமானால் அது கழுதைப்புலியுடையது. ஆற்றை விட்டுத் தள்ளி வறண்ட நிலத்தில் கிடைக்கும்.

பள்ளத்தாக்கை ஒட்டிய எங்கள் மேய்ச்சல் நிலத்தில் சீமைக்கருவேலை வெட்ட வெட்டத் துளிர்க்கிறது. முன்பு வெளிமான் வந்துபோன இடம். அங்கே நல்ல மரமாக எதை நடலாம்?
– விவசாயி, சத்தியமங்கலம் வட்டம்

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில்: எதையும் நடாதீர்கள். வெளிமான் திறந்த புல்வெளி விலங்கு. எதிரியைத் தூரத்திலேயே பார்த்து ஓடிப் பிழைக்கும். புதர் சூழ்ந்தால் பார்வையும் போய்விடும், ஓட்டமும் போய்விடும்; நாய்களே மடக்கிவிடும். மரம் நட்டால் எங்கும் நன்மை என்ற எண்ணம் மேய்ச்சல் நிலங்களுக்குச் செய்திருக்கும் கேடு கொஞ்சமல்ல. கொழுக்கட்டைப் புல் விதையை முதல் மழைக்குத் தூவினால் போதும்.

இனி வெட்டும் முறை. சீமைக்கருவேல் துளிர்ப்பது வேரிலிருந்து அல்ல. தரைக்குக் கீழே புடைத்திருக்கும் அடித்தண்டில் உள்ள மொட்டுகளிலிருந்து. தரைமட்டத்தில் அறுத்தால் ஒரு தண்டுக்குப் பதில் பத்துத் தண்டு வரும். மழை பெய்து மண் இளகியிருக்கும்போது கிளைகளைக் கழித்துவிட்டு, அடியைச் சுற்றி ஓரடி ஆழம் தோண்டி, புடைப்புக்குக் கீழே ஆணிவேரைத் துண்டித்து அடிக்கட்டையை வெளியே எடுத்துப் போடுங்கள். பொக்லைன் விட்டால் வேகமாக முடியும்தான். ஆனால் மேல்மண் புரண்டு, புதைந்து கிடந்த விதையெல்லாம் மேலே வந்து அடுத்த மழைக்குப் பச்சைக் கம்பளம் விரிக்கும். வேறு வழியில்லையென்றால் பிறகு வரும் நாற்றுகளைப் பிடுங்க ஆளும் தயாராக இருக்க வேண்டும்.

நெற்று பழுக்கும் முன் வேலையை முடியுங்கள். மாடும் மானும் நெற்றைத் தின்னும். விதை குடலில் ஊறிச் சாணத்தோடு உரமும் சேர்ந்து விழும். நெற்று தின்ற மந்தையைச் சுத்தம் செய்த நிலத்துக்குள் விடுவதற்கு முன் ஒரு வாரம் பட்டியில் அடையுங்கள். அடுத்த மூன்று ஆண்டும் ஒவ்வொரு மழைக்குப் பின்னும் ஒரு சுற்று. முழங்கால் உயரத்துக்குள் இருந்தால் கையாலேயே வந்துவிடும். இந்த மூன்றாண்டை விட்டவர்கள்தான் ‘அழிக்கவே முடியாது’ என்கிறார்கள்.

உண்ணிச்செடிக்கும் ஏறத்தாழ இதே முறை, ஆழம் மட்டும் குறைவு: மண்ணுக்குக் கீழே 3 முதல் 5 செ.மீ.யில் வேரை வெட்டி, புதரைத் தலைகீழாகக் கவிழ்த்துக் காயவிட வேண்டும். தண்டு மண்ணைத் தொட்டால் மறுபடி வேர்விடும். காப்புக்காட்டு எல்லைக்குள் இதில் எதையும் தனியார் செய்ய முடியாது. வனத்துறைதான் செய்ய வேண்டும்.

மாயாற்றில் ஆள் உயர மீன் இருப்பது உண்மையா? தூண்டில் போட அனுமதி உண்டா?
– வாசகர், கோவை

மீன் உண்மை. திமில் மகசீர் என்னும் ஆரஞ்சுத் துடுப்புக் கெண்டை ஒரு மீட்டரைத் தாண்டும், 50 கிலோவுக்கு மேலும் வளரும். காவிரிப் படுகையில் மட்டும் வாழும் இந்த மீன் 2018இல் மிகவும் அழிவு நிலையில் உள்ளதாகப் பட்டியலிடப்பட்டது. மிஞ்சியுள்ள சில புகலிடங்களில் மாயாறு ஒன்று. காவிரியில் 1970களின் பிற்பகுதியிலிருந்து கொண்டுவந்து விடப்பட்ட நீலத்துடுப்பு மகசீர் அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது. ‘மகசீர் குஞ்சு விடுகிறோம்’ என்று யாராவது நல்லெண்ணத்தில் கிளம்பினால் எந்த மகசீர் என்று கேளுங்கள்.

புலிகள் காப்பகத்துக்குள் தூண்டிலுக்கு அனுமதி இல்லை. காப்பகத்துக்கு வெளியே உரிமத்தோடு வலை வீசுபவர்களுக்குச் சிக்கினால், கையை நனைத்துக்கொண்டு, மீனைத் தண்ணீரை விட்டு எடுக்காமலே வலையை அறுத்து, நீரோட்டத்துக்கு எதிர்முகமாகப் பிடித்திருங்கள். அது தானே உதறிக்கொண்டு போகும்வரை விட வேண்டாம். தூக்கி எறிந்தால் பெரிய மீன் பிழைக்காது.

ஆற்று மணலில் நூற்றுக்கணக்கில் வண்ணத்துப்பூச்சிகள் உட்கார்ந்திருந்தன. அங்கே பூவே இல்லையே?
– பள்ளி ஆசிரியை, ஊட்டி

உப்புக்காக. பூந்தேனில் சோடியம் கிடைப்பது அரிது. ஈர மணலில், அதுவும் யானையோ மாடோ சிறுநீர் கழித்த இடத்தில் அது தாராளம். உட்கார்ந்திருப்பவை பெரும்பாலும் ஆண்கள். சேர்த்த உப்பை இணைசேரும்போது பெண்ணுக்குக் கொடுத்துவிடும். பிள்ளைகளுக்குக் காட்ட ஒரு வழி: வேரோடு பிடுங்கிய தேள்கொடுக்குச் செடியை இரண்டு நாள் வாடவிட்டு, பள்ளித் தோட்டத்தில் நிழலான இடத்தில் தலைகீழாகக் கட்டித் தொங்கவிடுங்கள். நீல வரியுள்ள வண்ணத்துப்பூச்சிகள் இடம்பெயரும் காலமாக இருந்தால் மொய்த்துக்கொள்ளும். இது உப்புக்காக அல்ல, செடியில் உள்ள ஆல்கலாய்டு என்னும் காரச்சத்துக்காக. அதிலிருந்துதான் ஆண்பூச்சி தன் மணத்தைத் தயாரிக்கிறது. காய்ந்த கிலுகிலுப்பைச் செடிக்கும் இதே ஈர்ப்பு உண்டு. ஆட்டுக்குட்டி எட்டும் உயரத்தில் கட்ட வேண்டாம், இரண்டுமே ஈரலைக் கெடுப்பவை.

மழையே இல்லாத நாளில் மாயாறு திடீரென்று பெருகுவது ஏன்?
– வாசகர், அன்னூர்

மின்சாரத்துக்காக. மேலே சிங்காராவிலும் மாயாறு மின்நிலையத்திலும் நீலகிரித் தண்ணீரில்தான் மின்சாரம் எடுக்கிறார்கள். மின் தேவை கூடும் நேரத்தில் எந்திரம் ஓடினால், சுழலியைச் சுற்றிவிட்டு வரும் தண்ணீர் ஆற்றில் இறங்கும். மணிக்கணக்கில் கழித்து அடிவாரத்தில் நீர் ஏறும்போது அங்கே வெயில் கொளுத்திக்கொண்டிருக்கும். ஆற்றைக் கடக்க வேண்டியவர்கள் வானத்தைப் பார்ப்பதில் பயனில்லை. நீர் விளிம்பில் ஒரு கல்லை அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். கல் நனையத் தொடங்கினாலோ, தெளிந்த நீரில் சருகும் நுரையும் வரத் தொடங்கினாலோ இறங்கக் கூடாது, பரிசலுக்குக் காத்திருக்க வேண்டும். பரிசல்காரர் இன்றைக்கு வேண்டாம் என்று சொன்னால் அவரிடம் வாதாட வேண்டாம்.